வீட்டுக்கு இரண்டு இணைய இணைப்புகள்: வாங்குவதற்கு முன்னும் மாட்டிய பின்னும்

ஒரு இணைப்பு 100 எம்பிபிஎஸ், இன்னொன்று 100; சேர்த்தால் 200. இந்தக் கணக்கை நம்பித்தான் பலர் இரண்டாவது இணைப்புக்கு விண்ணப்பிக்கிறார்கள். ரௌட்டர் விற்கும் கடைக்காரர் அதை மறுக்கமாட்டார். இணைய நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி தலையாட்டிவிட்டு ஓடிபி கேட்பார். அந்தக் கணக்கில் பாதிதான் உண்மை. எந்தப் பாதி என்று தெரியாமல் பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு ஆளாளுக்கு ஒரு விளக்கம் கேட்டு அலைந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நான் இருப்பது தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு சிறு நகரம். விலையும் நடைமுறையும் தமிழ்நாட்டை வைத்துச் சொல்லப்பட்டவை.

1. எதற்காக என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இரண்டு இணைப்புகளை மூன்று விதமாகப் பயன்படுத்தலாம். ஒன்று போனால் மற்றொன்றுக்கு மாறுவது முதல் வகை. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, வீட்டுக் கருவிகளின் வேலைகளைப் பங்கிடுவது இரண்டாவது. இரண்டையும் உண்மையாகவே பிணைத்து ஒற்றைத் தடமாக்குவது மூன்றாவது. கடையில் விற்கும் ரௌட்டர் தனியாகச் செய்யக்கூடியவை முதல் இரண்டு மட்டுமே.

பங்கிடும் முறையில் ஒவ்வொரு பதிவிறக்கமும் ஒவ்வொரு வீடியோ அழைப்பும் ஏதாவது ஓர் இணைப்பில் ஏறி, முடியும்வரை அதிலேயே போகும். ஒரே ஊருக்கு இரண்டு பஸ் விட்டால் கூட்டம் குறையும். அதற்காக ஒரு பயணியைப் பாதியாக வெட்டி இரண்டு பஸ்ஸிலும் ஏற்ற முடியாது. நீங்கள் தனி ஆளாக ஒரே ஒரு பெரிய கோப்பை இறக்கினால் கிடைப்பது ஓர் இணைப்பின் வேகம்தான். வீட்டில் நான்கு பேர், ஒருவருக்கு அலுவலகக் கூட்டம், ஒருவருக்கு ஆன்லைன் வகுப்பு, தொலைக்காட்சியில் படம் என்றால் இரண்டு இணைப்பின் பலனும் தெரியும். டொரண்ட், பல துண்டுகளாகப் பிரித்து இறக்கும் டவுன்லோட் மேனேஜர் போன்றவையும் இரண்டையும் நிரப்பும்.

பிணைப்பது ஏன் கடினம்? மறுமுனையிலும் ஒருவர் துண்டுகளைச் சேர்த்து அடுக்க வேண்டும். டயல்-அப் மோடம்கள் இரண்டை இரண்டு தொலைபேசி இணைப்புகளில் மாட்டி 56 கேபிபிஎஸ்ஸை 112 ஆக்கியபோதும் இதே நிபந்தனை இருந்தது. விண்டோஸ் 98இல் இரண்டாவது மோடமைச் சேர்க்கும் வசதி இருந்தும், இணைய நிறுவனம் தன் பக்கத்தில் பல இணைப்புகளை ஒன்றாக்கும் மல்டிலிங்க் பிபிபி முறையை அனுமதித்தால்தான் வேகம் கூடியது. அப்போதாவது இரண்டு அழைப்புகளும் ஒரே நிறுவனத்துக்குப் போயின. இன்று நீங்கள் வாங்கப்போவது இரண்டு தனித்தனி நிறுவனங்களிடம். ஒருவர் அனுப்பியது இன்னொருவருக்குத் தெரியாது.

ஆகவே ஒற்றைப் பதிவிறக்கத்தின் வேகம்தான் உங்கள் குறை என்றால், இரண்டாவது இணைப்பு வேண்டாம். இருக்கிற திட்டத்தையே உயர்த்திக்கொள்ளுங்கள். செலவும் குறைவு, தலைவலியும் குறைவு. நெட் அடிக்கடி துண்டிக்கப்படுகிறது, வேலை நின்றுபோகிறது என்றால் தொடர்ந்து படியுங்கள்.

2. இரண்டாவது இணைப்பு வேறு வழியில் வருகிறதா?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இந்தப் பகுதியைப் படியுங்கள்.

நிறுவனத்தின் பெயர் வேறு என்பதால் கம்பியும் வேறு என்று பொருளில்லை. சிறு நகரங்களில் கடைசி ஒரு கிலோமீட்டர் பெரும்பாலும் உள்ளூர் கேபிள்காரர் கையில் இருக்கிறது. ஒரே ஆள் இரண்டு, மூன்று நிறுவனங்களின் இணைப்பைக் கொடுப்பதும் உண்டு. இரண்டு ஃபைபரும் ஒரே கம்பங்களில் ஒன்றாகக் கட்டப்பட்டு வந்தால், சாலை அகலப்படுத்த வரும் ஜேசிபி ஒரே இழுப்பில் இரண்டையும் அறுத்துவிடும். மாதம் இரண்டு பில் கட்டிக்கொண்டு நெட் இல்லாமல் உட்கார்ந்திருப்பீர்கள்.

எனவே விண்ணப்பிக்கும் முன் தெருவில் இறங்கிப் பாருங்கள். இருக்கிற ஃபைபர் எந்தக் கம்பத்திலிருந்து வீட்டுக்குள் வருகிறது, அது எந்தத் திசையில் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். புதிய நிறுவனத்தின் ஆளிடம், "லைன் எங்கிருந்து இழுப்பீர்கள்? யார் வந்து சரிசெய்வார்கள்?" என்று கேளுங்கள். பழுதுபார்க்க வருபவரும் பழைய ஆளே என்றால் வேறு நிறுவனம் தேடுவது நல்லது.

வழி உண்மையாகவே வேறாக வேண்டுமென்றால் ஒன்று ஃபைபர், மற்றது கம்பியில்லா இணைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மொட்டைமாடியில் கருவி பொருத்தி 5ஜி கோபுரத்திலிருந்து வாங்கும் ஏர்ஃபைபர் வகை இணைப்புகள் இதற்குப் பொருந்தும். அது கிடைக்காத ஊரில் சிம் போடும் 4ஜி ரௌட்டர் போதும். கம்பியில்லா இணைப்பின் வேகம் மாலை ஏழு மணிக்கு மேல் இறங்கும். வாங்கும் முன், அதே நிறுவனத்தின் சிம் உள்ள கைபேசியை மொட்டைமாடிக்கு எடுத்துப் போய் இரவு ஒன்பது மணி வாக்கில் ஸ்பீட் டெஸ்ட் செய்து பாருங்கள். பிரதிநிதி காலை பதினொரு மணிக்குக் காட்டும் எண்ணைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

3. ஆவணங்கள்

பெரிய பட்டியல் இல்லை. ஆதார் அட்டை, புகைப்படம், ஓடிபி வரும் கைபேசி எண் ஆகியவை போதும். வாடகை வீடு என்றால் ஆதாரில் உள்ள முகவரியும் வீட்டு முகவரியும் வேறாக இருக்கும். வாடகை ஒப்பந்தத்தின் நகல் அல்லது அந்த முகவரிக்கு வந்த வேறு பில் ஒன்றை எடுத்துவையுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் முன்பே பேசிவிடுங்கள். சுவரில் துளை போடவும், மாடியில் கருவி பொருத்தவும் அவர் சம்மதம் வேண்டும். டிரில் மெஷினோடு ஆள் வந்து நிற்கும்போது வீட்டுக்காரர் "யாரைக் கேட்டு?" என்றால் ஆள் திரும்பிப் போய்விடுவார், அடுத்த முறை எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது.

4ஜி ரௌட்டருக்கென்று புது சிம் வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒருவர் பெயரில் ஒன்பது கைபேசி இணைப்புகள் வரைதான் அனுமதி. பெற்றோருக்கு, பிள்ளைகளுக்கு என்று எல்லாவற்றையும் உங்கள் பெயரிலேயே வாங்கியிருந்தால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: கைபேசிக்கென்று விற்கும் அளவில்லா டேட்டா திட்டங்களில், சிம்மை ரௌட்டரில் போடக்கூடாது என்ற நிபந்தனை இருக்கலாம். சிறிய எழுத்தையும் படியுங்கள்.

4. செலவு

விளம்பரத்தில் இருக்கும் விலைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. 399 ரூபாய் என்று எழுதியிருந்தால் நீங்கள் கட்டுவது ஏறத்தாழ 471. 499 என்றால் 589. இரண்டாவது இணைப்புக்கு இந்த அடிமட்டத் திட்டமே போதும். மாற்று இணைப்பில் 30 அல்லது 40 எம்பிபிஎஸ் இருந்தால் அலுவலகக் கூட்டமும் வகுப்பும் தடையில்லாமல் நடக்கும்.

பொருத்துகூலி சில இடங்களில் ஆயிரம் ரூபாய் வரை கேட்கிறார்கள். ஆறு மாதம் அல்லது ஓராண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் அது தள்ளுபடி. இதில்தான் கண்ணி இருக்கிறது. உங்கள் தெருவில் அந்த இணைப்பு எப்படி ஓடும் என்று தெரியாத நிலையில் ஓராண்டுப் பணத்தைக் கட்டாதீர்கள். மோசமாக இருந்தால் மீதியைத் திரும்ப வாங்குவது எளிதல்ல. பொருத்துகூலி போனாலும் பரவாயில்லை, முதலில் ஒரு மாதத் திட்டம் போடுங்கள். அந்த ஒரு மாதத்தில் மழை பெய்தால் இன்னும் நல்லது.

ஒருமுறைச் செலவுகள்: இரண்டு இணைய வழிகளை ஏற்கும் ரௌட்டர் ஐயாயிரம், ஆறாயிரம் ரூபாய் அளவில், கேட் 6 கேபிள்கள் சில நூறு ரூபாய், மினி யுபிஎஸ் ஒன்று ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய் வரை. ரௌட்டர் வாங்க இப்போதே ஓடாதீர்கள். புதிய இணைப்பு வந்து சில வாரம் தனியாக ஓடி, அது தேறும் என்று தெரிந்த பிறகு வாங்கலாம். அதுவரை ஒன்று போனால் மற்றதன் வைஃபைக்குக் கையால் மாறிக்கொள்ளலாம். சிலருக்கு அதுவே போதும் என்று தோன்றிவிடும். ஆறாயிரம் ரூபாய் மிச்சம்.

5. எந்த ரௌட்டர்

வீட்டு அளவில் அதிகம் வாங்கப்படுவது டிபி-லிங்க் ஈஆர்605. மைக்ரோடிக் ஹெக்ஸும் நல்ல கருவிதான், ஆனால் நெட்வொர்க் பற்றி எதுவும் தெரியாதவர் அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் மிரண்டுவிடுவார். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறமூல மென்பொருளைப் போடக்கூடிய பழைய ரௌட்டர் வீட்டில் இருந்தால் எம்வான்3 என்ற தொகுப்பை நிறுவி அதே வேலையை இலவசமாகச் செய்யலாம். பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்.

கவனிக்க வேண்டியது: ஈஆர்605, ஹெக்ஸ் இரண்டிலும் வைஃபை கிடையாது. பெட்டியைப் பிரித்த பிறகுதான் பலருக்கு இது தெரிகிறது. பழைய வைஃபை ரௌட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் அதை வைஃபையை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயிண்டாக மாற்றிப் பின்னால் மாட்டிக்கொள்ளலாம். இல்லையென்றால் அதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

6. மாட்டும் வரிசை

முதலில் இரண்டு மோடம்களின் உள் முகவரியைப் பாருங்கள். இரண்டுமே 192.168.1.1 என்று இருந்தால் ரௌட்டர் குழம்பிவிடும். ஒன்றின் அமைப்புப் பக்கத்துக்குள் போய் 192.168.2.1 என்று மாற்றுங்கள். புதிய ரௌட்டரின் உள் முகவரி இரண்டோடும் மோதக்கூடாது, அதற்கு 192.168.10.1 என்று கொடுத்துவிடலாம். இந்த ஒரு மோதலைக் கண்டுபிடிக்கச் சேவை மையத்துக்கு அழைத்தால், மோடமை அணைத்துப் போடச் சொல்வார்கள். நாள் முழுவதும் அணைத்துப் போட்டாலும் தீராது.

அடுத்து, முதல் மோடமிலிருந்து ரௌட்டரின் முதல் வான் (WAN, இணையம் உள்ளே வரும்) துளைக்கு ஒரு கேபிள், இரண்டாவது மோடமிலிருந்து இரண்டாவது வான் துளைக்கு ஒரு கேபிள். லான் (LAN, வீட்டுக் கருவிகளுக்கான) துளையிலிருந்து வைஃபை கருவிக்கு மூன்றாவது கேபிள். பொருத்த வந்தவர் அங்கேயே தலை மாட்டிக் கொடுத்த கேபிளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். எட்டுக் கம்பிகளுக்குப் பதில் நான்கை மட்டும் மாட்டியிருந்தால் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டிக்கொண்டு 95இல் நிற்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

மோடமை வெறும் பாலமாக மட்டும் வைக்கும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றிப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ரௌட்டரில் போடுவது சுத்தமான வழி. சில நிறுவனங்கள் அதற்கு அனுமதிப்பதில்லை. அதற்காகச் சண்டை போட வேண்டாம். மோடமை அப்படியே விட்டாலும் உலாவல், வீடியோ அழைப்பு, படம் பார்ப்பது எல்லாம் நடக்கும். வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவை நேரடியாக அணுக வேண்டியவர்களுக்கு மட்டும் சிக்கல்.

கடைசியாக, இரண்டு மோடம்களிலும் இருக்கும் வைஃபையை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் வீட்டிலுள்ள கைபேசிகள் பழைய பெயரையே பிடித்துத் தொங்கும். அந்த இணைப்பு போனதும், இவ்வளவு செலவு செய்தும் நெட் வரவில்லையே என்ற குரல் கேட்கும். புதிய வைஃபைக்குப் பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் அப்படியே வைத்துவிட்டால் எந்தக் கருவியிலும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஆக்சஸ் பாயிண்டாக மாற்றும் பழைய ரௌட்டரில், கருவிகளுக்கு உள் முகவரி கொடுக்கும் டிஎச்சிபி வசதியை அணைப்பதையும் மறக்காதீர்கள்.

7. அமைப்புகள்

ஈஆர்605ஐ வைத்துச் சொல்கிறேன். மற்றவற்றிலும் பெயர்தான் மாறும்.

ஆன்லைன் டிடெக்‌ஷன்: இதை முதலில் சரிசெய்யுங்கள். தெருவில் ஃபைபர் அறுந்தாலும் மோடமில் மின்சாரம் இருக்கும்; மோடமுக்கும் ரௌட்டருக்கும் நடுவில் உள்ள கேபிளும் உயிரோடு இருக்கும். ரௌட்டர் அதைப் பார்த்து இணைப்பு நன்றாக இருப்பதாகவே நினைக்கும். அதனால் வெளியே உள்ள 8.8.8.8, 1.1.1.1 போன்ற முகவரிகளைத் தொடர்ந்து தட்டிப் பார்த்து, பதில் வராவிட்டால் மாறும்படி அமைக்க வேண்டும். "எப்போதும் இணைப்பில்" என்று பொருள்படும் தேர்வு இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

லிங்க் பேக்கப்: எது முதன்மை, எது மாற்று என்று இங்கே சொல்கிறோம். மாற்று இணைப்பில் டேட்டா அளவு குறைவாக இருந்தால் இதுவே சரியான முறை. பங்கிடும் முறையைப் போட்டால் மாதம் பாதிக்குள் 4ஜி டேட்டா தீர்ந்துவிடும்.

லோட் பேலன்சிங்: இரண்டிலும் டேட்டா தாராளமாக இருந்தால் பங்கிடலாம். ஒவ்வோர் இணைப்பின் வேகத்தையும் ரௌட்டரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும், அதுவும் கேபிபிஎஸ் கணக்கில்: 100 எம்பிபிஎஸ் என்றால் 100000. எழுதாமல் விட்டால் 30 எம்பிபிஎஸ் இணைப்பையும் 100 எம்பிபிஎஸ் இணைப்பையும் ரௌட்டர் சமமாகக் கருதும்; மெதுவான பக்கம் திணறும்.

பங்கிடும் முறையில் வங்கித் தளங்கள் தொல்லை கொடுக்கும். உள்ளே நுழைந்தது ஒரு முகவரியில், அடுத்த பக்கம் திறப்பது வேறு முகவரியில் என்றால் அவை சந்தேகப்பட்டு வெளியே தள்ளிவிடும். இதைத் தடுக்க அப்ளிகேஷன் ஆப்டிமைஸ்டு ரௌட்டிங் என்பதை இயக்குங்கள். அப்படியும் நடந்தால் பாலிசி ரௌட்டிங் பகுதியில், அலுவலகக் கணினி எப்போதும் முதல் இணைப்பில்தான் போக வேண்டும் என்று விதி எழுதிவிடுங்கள். அலுவலக விபிஎன் பயன்படுத்துபவர்களுக்கும் இதுதான் மருந்து.

8. சோதனை

ஸ்பீட் டெஸ்ட் தளத்தில் பல இணைப்பு, ஒற்றை இணைப்பு என்று இரண்டு முறைகள் இருக்கும். பங்கிடும் முறை வேலை செய்தால் முதலாவதில் கூட்டு வேகத்துக்கு நெருக்கமாக ஏதாவது வரலாம். இரண்டாவதில் ஒரே இணைப்பின் வேகம்தான் வரும். ஒற்றை இணைப்பு எண்ணைப் பார்த்து ரௌட்டரைக் குறை சொல்லாதீர்கள்.

மாறுகிறதா என்று பார்க்கச் சிலர் மோடமின் மின் இணைப்பைப் பிடுங்குவார்கள். அது போதாது, அப்போது கேபிளும் செத்துவிடும், எந்த ரௌட்டரும் மாறிவிடும். ஃபைபரின் பச்சைத் தலையை மோடமிலிருந்து மெதுவாகக் கழற்றுங்கள். ஃபைபரில் ஒளி வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாகும். ரௌட்டர் சிறிது நேரத்தில் மற்ற இணைப்புக்கு மாறினால் அமைப்பு சரி. கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்கவோ விரலால் தொடவோ வேண்டாம். இந்தச் சோதனையை வீடியோ அழைப்பு ஓடும்போது செய்யுங்கள்: அழைப்பு நின்று, சில நொடிகளில் மீண்டும் சேரும். நிற்காமலே போகும் என்று யாராவது விற்றால், அவர் பத்தாவது பகுதியில் வரும் வசதியை விற்கிறாரா என்று கேளுங்கள்.

9. மின்சாரம்

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் எல்லாம் ஓடும். இல்லையென்றால் இரண்டு மோடம், ரௌட்டர், வைஃபை கருவி என நான்குக்கும் மின்சாரம் வேண்டும். மினி யுபிஎஸ் வாங்கும் முன் ஒவ்வோர் அடாப்டரின் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் குறித்துக்கொள்ளுங்கள். மோடம்கள் பெரும்பாலும் 12 வோல்ட். ரௌட்டர் 9 வோல்ட்டாக இருக்கலாம். மாடியில் உள்ள ஏர்ஃபைபர் கருவிக்கான அடாப்டர் வேறு வோல்ட்டாக இருந்தால் சாதாரண மினி யுபிஎஸ் அதை ஓட்டாது.

உங்கள் வீட்டில் மின்சாரம் இருந்தாலும் கேபிள்காரர் அறையில் பேட்டரி இறங்கிவிட்டால் ஃபைபர் நிற்கும். நீண்ட மின்தடையில் கோபுர இணைப்பு அதைவிடத் தாக்குப்பிடிக்க வாய்ப்பு அதிகம். இடி மின்னல் நேரத்தில் மாடியிலிருந்து இறங்கும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். அது செம்புக் கம்பி, கண்ணாடி இழை இல்லை.

10. பிணைத்தே தீர வேண்டுமென்றால்

மறுமுனையில் துண்டுகளைச் சேர்க்க ஆள் வேண்டும் என்றேன். அந்த ஆளை வாடகைக்கு எடுக்கலாம். எளிய வழி ஸ்பீடிஃபை போன்ற கட்டணச் செயலி. கணினியில் நிறுவினால் இரண்டு இணைப்பிலும் துண்டுகளை அனுப்பி, அவர்களுடைய சர்வரில் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் கணினிக்கே இரண்டு இணைப்பும் தனித்தனியாக வந்து சேர வேண்டும்: ஒன்று கேபிளில், மற்றது அதன் மோடமின் வைஃபையில் (அணைத்திருந்தால் மீண்டும் இயக்குங்கள்). இலவசமாகப் பார்க்க வழி இருந்தால் முதலில் அதில் சோதியுங்கள்.

கை வைக்கத் துணிந்தவர்களுக்கு ஓப்பன்எம்பிடிசிபிரௌட்டர் என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது. வீட்டில் ராஸ்பெர்ரி பை அல்லது பழைய கணினி, வெளியே மாதம் ஐந்து டாலர் அளவில் வாடகை சர்வர். சர்வர் சென்னை, மும்பை, பெங்களூரில் இருக்கட்டும். சிங்கப்பூர் என்றால் ஒவ்வொரு சொடுக்கும் கடல் தாண்டிப் போய் வரும். சர்வர் வாடகையில் மாத டேட்டா வரம்பு உண்டு என்பதையும் பாருங்கள். படம் காட்டும் ஓடிடி தளங்கள் சில, தரவு மையத்திலிருந்து வரும் முகவரியைப் பார்த்து மறுத்துவிடும். அவற்றுக்கு விலக்கு எழுத வேண்டியிருக்கும். ஃபைபரையும் மாலை நேர 4ஜியையும் பிணைத்தால், தாமதம் அதிகமுள்ள 4ஜி மற்றதையும் பின்னுக்கு இழுக்கும். இரண்டும் ஏறத்தாழ ஒரே தரத்தில் இருந்தால் மட்டும் இந்த வேலையில் இறங்குங்கள்.

11. விட்டுவிடும்போது

இணைப்பை நிறுத்துவதற்கு ரீசார்ஜ் செய்யாமல் விடுவது மட்டும் போதாது. மோடம் பெரும்பாலும் இணைய நிறுவனத்தின் சொத்து. முறையாகத் திருப்பிக் கொடுக்காவிட்டால் அதற்கான தொகையைக் கேட்டு அழைப்பு வரலாம். செயலியில் அல்லது சேவை எண்ணில் நிறுத்தக் கோரிக்கை பதிந்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மோடமையும் அடாப்டரையும் எடுக்க வருபவரிடம், கருவியின் வரிசை எண் எழுதிய ரசீது வாங்குங்கள். வாங்க முடியாவிட்டால், அவர் கையில் கருவியோடு நிற்பதை அவர் அனுமதியோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பணம் கட்டியிருந்தால் அது எந்தக் கணக்குக்கு, எத்தனை நாளில் வரும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே கருவியைக் கொடுங்கள்.